தூக்க நாலு பேர்

வாசல் கேட்டைக் கழற்றச் சொன்னபோதே தம்பிக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணி எதைச் சொன்னாலும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிற பழக்கம் அவனுக்கு. கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தால், தெருவையே அடைத்துக்கொண்டு ஒரு டிரெய்லர் நிற்கிறது. அதன் மேல் தார்ப்பாய் போர்த்திய என்னவோ ஒன்று.

"என்ன அண்ணி இது?"

"படகு."

"யாருது?"

"இனிமே நம்மது. வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காம அந்தப் பக்கம் பிடி."

தார்ப்பாயை விலக்கிப் பார்த்தான். ஐயோ, அது இருந்த இருப்பை என்னவென்று சொல்ல! சாயமெல்லாம் உரிந்து, ஓரமெல்லாம் பூஞ்சை பிடித்து, கட்டில் அகலத்துக்கு ஒரு சின்னப் பாய்மரப் படகு. மற்றப் படகுகளுக்கு மூக்கு கூராக இருக்கும். இதற்கு மூக்கே இல்லை, முன்பக்கம் வெட்டிவிட்டதைப் போல மொட்டையாக இருந்தது. பல் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு கிழவர் வீட்டைக் காலி பண்ணும்போது இதை உடைத்துப் போடப் போவதாகச் சொன்னாராம். அந்த ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்து போனில் ஆட்களை அழைக்கிற வேலை அண்ணிக்கு. "உடைக்காதீங்க ஐயா, எங்க வீட்டுக்கு அனுப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

"நீங்க நீச்சல் குளத்துலகூடக் காலை மட்டும்தான் நனைப்பீங்க. உங்களுக்கு எதுக்கு அண்ணி படகு?"

அண்ணி ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் அண்ணனின் பின்மண்டை தெரிந்தது. தெருவே அடைபட்டு ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது, மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அண்ணன் யாரென்று சொல்லிவிடுகிறேன். பஸ் டிரைவர். டிப்போவில் அத்தனை பேருக்கும் தலைவர். சங்கத் தேர்தலில் எதிர்த்து நிற்கவே ஆளில்லாமல் ஜெயித்துக்கொண்டிருந்தவன். அந்தக் காலத்தில் இந்த வீட்டு வாசலில் செருப்புகளைத் தாண்டி உள்ளே போவதற்கே தனித் திறமை வேண்டும். "தலைவரே, லீவு தர மாட்டேங்குறான்", "தலைவரே, பையனுக்கு ஸ்கூல் சீட்டு" என்று காலையில் ஆரம்பித்தால் படுக்கப் போகும்வரை ஆள் வந்துகொண்டே இருக்கும். அப்புறம் ஒரு தேர்தலில், அவன் கைப்பிடித்து வேலையில் சேர்த்துவிட்டவர்களே சேர்ந்து அவனைத் தோற்கடித்தார்கள். தோற்றதைவிட, மறுநாள் முதல் ஒரு பயலும் வீட்டுப் பக்கம் வராததுதான் அவனை உடைத்தது. வேலையை முன்கூட்டியே விட்டுவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டான். வாசலில் இப்போது மூன்றே ஜோடி செருப்பு. போன் அடித்தால் எடுப்பதில்லை, யாராவது "தலைவரே", "தலை" என்று தெருவில் கூப்பிட்டால் காது கேட்காதவன் போல நடந்துவிடுவான். அண்ணிக்கு அது பொறுக்கவில்லை. அந்த மனுஷனுக்கு ஆள்தான் சோறு, ஆள்தான் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும்.

இதெல்லாம் தம்பிக்கும் தெரியும். ஆனால் படகுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவன் மண்டையில் ஏறவில்லை. மண்டை அப்படி. அவன் வீடுகளுக்குச் சமையலறை அலமாரி மாட்டுகிறவன். திருகாணிகளை வாயில் வைத்துக்கொண்டே வேலை செய்வான் என்பதால் அண்ணி அவனுக்கு வைத்த பேர் திருகாணி. வேலையில் கெட்டிக்காரன், மற்றதில் கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும்.

படகைச் சரிசெய்ய உட்கார்ந்தவன் முதல் நாள் முழுக்க முணுமுணுத்தான். இரண்டாம் நாள் முணுமுணுப்பு நின்றது. மூன்றாம் நாள் அண்ணியைக் கூப்பிட்டான்.

"அண்ணி, இங்க வாங்க. இதைப் பாருங்க. ஆணியே அடிக்கல! பலகையில ஓட்டை போட்டு, செம்புக் கம்பியை விட்டுத் துணி தைக்கிற மாதிரி தைச்சிருக்கான். மேல நாடாவை ஒட்டிப் பசையைப் பூசிட்டான், அவ்வளவுதான். வரைபடத்தை வாங்கி யார் வேணா வீட்டு முற்றத்துலயே பண்ணிக்கலாம். அப்ப இந்த மாதிரி ஆயிரக்கணக்குல பண்ணியிருப்பாங்க!"

"அந்த ஆயிரம் பேரும் எங்க போனாங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"தேடுவோம்" என்றாள் அண்ணி, பல் பிடுங்கத் தேதி கொடுக்கிற அதே குரலில்.

படகு தயாரானதும் வந்தது அடுத்த சிக்கல். ஆஸ்பத்திரிப் பழைய வேனை அண்ணி ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள். டிரெய்லரை மாட்டி ரிவர்ஸ் எடுக்கிறேன் பேர்வழி என்று தம்பி கேட் தூணில் ஒரு இடி, எதிர்வீட்டுச் சுவரில் ஒரு இடி. டிரெய்லர் அவன் திருப்பினதற்கு எதிர்ப்பக்கமாகவே போனது. மூன்றாவது இடிக்கு முன்னால் வீட்டுக் கதவு திறந்தது.

"இறங்குடா" என்றான் அண்ணன். "வண்டியா ஓட்டுற? மாடு கட்டி இழுக்குற மாதிரி இருக்கு."

ஒரே வெட்டில், கண்ணாடியை மட்டும் பார்த்து, தெருமுனை வரைக்கும் பின்னாலேயே கொண்டுபோய் நிறுத்தினான். பாராட்டினால் இறங்கிவிடுவான் என்று அண்ணிக்குத் தெரியும். சத்தம் போடாமல் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிறுதோறும் அண்ணன் ஏரி வரைக்கும் ஓட்டுவான். மரத்தடியில் நிறுத்திவிட்டுப் பேப்பரை விரிப்பான். இறங்க மாட்டான். "என்னங்க, காத்து நல்லா இருக்கு" என்றால், "இங்கயே வருது" என்பான்.

ஏரிக்கரையில் வண்டி ஓரளவுக்குத்தான் போகும். அதற்கு மேல் சரளைக்கல் போட்ட நடைபாதை, பிறகு ஒரு சரிவு, அப்புறம்தான் தண்ணீர். படகு பார்க்கத்தான் சின்னது. பழைய பலகை, இரண்டு பேரால் அசைக்க முடியாது. முதல் நாள் "இழுத்துடலாம் அண்ணி" என்றான் தம்பி. "இழுத்தா நீ அடிச்ச பெயிண்ட் போயிடும்" என்று சொல்லிவிட்டு, அண்ணி நேராக ஒரு பெஞ்சுக்குப் போனாள். நடைப்பயிற்சி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஒரு லாண்டரிக்காரர், இரவு டியூட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்த ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர். இருவரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள்.

"ஏங்க, ஒரு கை பிடிக்க முடியுமா? தூக்க நாலு பேர் வேணும்."

லாண்டரிக்காரர் திடுக்கிட்டார். "யாருக்கு என்னம்மா ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. படகைத் தூக்கணும்!"

தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதற்கப்புறம் அந்த லாண்டரிக்காரர் ஞாயிறு தவறியதே இல்லை. "நாலு பேர் தூக்குறதெல்லாம் ஒரே ஒருவாட்டிதான்னு நெனச்சிருந்தேன். இங்க வாராவாரம் தூக்குறாங்கப்பா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஓட்டக் கற்றுக்கொண்ட கதை தனிக் கூத்து. யாருக்கும் ஒன்றும் தெரியாது. லாண்டரிக்காரர் போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து பாடம் எடுப்பார், அவரே முதலில் கவிழ்வார். பாயின் அடியில் குறுக்கே ஒரு கம்பு இருக்கும். படகு திரும்பும்போது அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு விர்ரென்று வரும். குனியாதவன் மண்டை காலி. ஆம்புலன்ஸ்காரர் தன் வண்டியிலேயே தன்னை ஏற்ற வேண்டி வருமோ என்று பயந்துபோனார். அதனால் சுக்கான் பிடிக்கிறவர் திருப்புமுன் கத்த வேண்டும் என்று அண்ணி சட்டம் போட்டாள். என்ன கத்துவது? அந்தக் கம்புக்கு என்ன பேரென்றே தெரியாத கூட்டம். "தலை!" என்று கத்தினால் போதும் என்றாள்.

செங்காவிப் பாயும் மொட்டை மூக்கும் ஏரியில் போவதைப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். "எங்க மாமா வீட்டு மாடியில இதே சப்பமூக்கு ஒண்ணு கவுந்து கிடக்குங்க." "எங்க கொட்டகையில நாய் படுத்திருக்கிறது இதுதானோ?" அவர்கள் போன் நம்பரை அண்ணி வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான், மாட்டினார்கள். பல் டாக்டரிடமே ஆளை வரவைக்கிறவளுக்கு ஏரிக்கு வரவைப்பது என்ன பெரிய காரியமா? "சனிக்கிழமை தம்பி வந்து ஓட்டையைப் பார்ப்பான், ஞாயித்துக்கிழமை நீங்க வந்துருவீங்க" என்பாள். கேள்வி மாதிரியே இருக்காது. வந்துவிடுவார்கள். டியூஷன் டீச்சர் ஒருவர் தன் சப்பமூக்கில் மண் நிரப்பித் தக்காளி போட்டிருந்தார். செடியைப் பிடுங்கிவிட்டுப் படகைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அண்ணி இன்னொரு சட்டமும் போட்டாள். தன் படகைத் தான் தூக்கக் கூடாது. சொந்தக்காரர் துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னால் நடக்க வேண்டும். மற்ற நாலு பேர் தூக்கி வருவார்கள். அப்புறம் அவர் போய் இன்னொருவர் படகுக்குத் தோள் கொடுக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் தம்பி தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினான். இரண்டு பழைய சைக்கிள் சக்கரம், நடுவில் ஒரு சட்டம், படகின் வயிறு உட்காரக் கச்சிதமாக வளைத்த மெத்தை. அடியில் செருகினால் போதும், ஒரே ஆள் ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போகலாம். ராப்பகலாக மண்டையை உடைத்துச் செய்தது. எல்லார் முன்னாலும் இறக்கிக் காட்டினான். "ஆகா!" என்றார்கள் எல்லாரும்.

அண்ணி சுற்றி வந்து பார்த்தாள். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு தம்பி. வீட்டுல வை" என்றாள்.

"என்னது?"

"இங்க வேண்டாம்."

தம்பிக்குச் சுருக்கென்றது. அத்தனை பேர் முன்னால் இப்படியா மூக்கை அறுப்பது? வேலை மெனக்கெட்டு ஒருத்தன் செய்தால், முதுகு ஒடியத் தூக்கிக்கொண்டே திரியுங்கள் என்றால் என்ன நியாயம்? ஒரு வாரம் அவன் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் சக்கரத்தை வீட்டிலும் வைக்கவில்லை. ஞாயிறுதோறும் வேனின் பின்பக்கம், பாய்ச் சுருள்களுக்கு அடியில் சொருகிக் கொண்டுவந்தான். என்றைக்காவது ஒரு நாள் ஆள் குறையும், அன்றைக்கு எடுத்துக் காட்டி, "இப்ப என்ன சொல்றீங்க அண்ணி?" என்று கேட்க வேண்டும். என்ன தொனியில் கேட்பது என்றுகூட முடிவு பண்ணி வைத்திருந்தான்.

சில வாரம் கழித்து அந்த நாள் வந்தது.

அன்றைக்கு டிரெய்லரில் வந்தது டியூஷன் டீச்சரின் படகு, அது முதன்முதலாகத் தண்ணீரைப் பார்க்கப் போகிற நாள். டீச்சர் புதுச் சட்டை போட்டு வந்திருந்தார், ஒரு கை மணிக்கட்டில் கட்டு. படகைத் தேய்த்துத் தேய்த்துச் சுளுக்கியிருந்தது. வானம் மூடியிருந்ததால் மற்றவர்கள் யாரும் வரவில்லை. அண்ணி, தம்பி, லாண்டரிக்காரர், ஆம்புலன்ஸ்காரர் என்று நாலு மூலைக்கும் ஆளாகக் குனிந்தபோது ஆம்புலன்ஸ்காரரின் போன் அடித்தது. அவசர அழைப்பு. "மன்னிச்சுக்கோங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடியேவிட்டார்.

மூன்று பேர். கரையில் வேறு ஆளில்லை. மரத்தடி வேனில் அண்ணன் மட்டும் பேப்பருக்குப் பின்னால்.

"பரவால்ல, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் டீச்சர். சொன்னாரே தவிர, துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

"தம்பி, அந்தச் சக்கரம் இருந்தா இப்ப உதவுமேப்பா!" என்றார் லாண்டரிக்காரர்.

கடவுளாகப் பார்த்துக் கொடுத்த சந்தர்ப்பம். தம்பி விறுவிறுவென்று வேனுக்கு நடந்து பின்கதவைத் திறந்தான். பாய்ச் சுருளைத் தள்ளினான். சக்கரம் பளபளவென்று இருந்தது. அதன் மேல் ஒரு மிதவைச் சட்டை கிடந்தது. ஒவ்வொரு வாரமும் அண்ணி தவறாமல் ஏற்றி இறக்குகிற சட்டை. யாருமே போட்டதில்லை, ஏனென்றால் அது யாருக்குமே சேராத அளவுக்குப் பெரிசு. அதைத் தூக்கிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே முன்சீட்டைப் பார்த்தான். அகலமான அந்த முதுகு. அந்தச் சட்டை யார் அளவு என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பேப்பரையும் கவனித்தான். வரும்போது விரித்த அதே பக்கம்தான் இன்னும் விரிந்திருந்தது. அண்ணன் பேப்பருக்கு மேலாகக் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அட மடையா, என்று தம்பி தன்னைத்தானே திட்டிக்கொண்டான். சக்கரம் வந்துவிட்டால் நாலு பேர் எதற்கு? நாலாவது மூலைக்கு ஆள் குறைகிற ஒரு நாளுக்காகத்தானே அவள் இந்த ஊரையே கூட்டி வைத்திருக்கிறாள்! வாராவாரம் இந்தப் பெரிய சட்டையைச் சுமந்துகொண்டு, ஒரு வார்த்தை வெளியே விடாமல், எப்பேர்ப்பட்ட மனுஷி! இவளிடமா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டோம்!

கதவைப் படாரென்று சாத்தினான்.

"சக்கரத்தை வீட்டுலயே மறந்து வெச்சுட்டேன்!" என்று ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

திரும்பி நடந்து வந்து தன் மூலையில் நின்றான். அண்ணி அவனை ஒரு பார்வை பார்த்தாள். மூன்று பேரும் மூன்று மூலையில் நின்றார்கள். லாண்டரிக்காரர் சும்மா இருக்காமல் தூக்கிப் பார்த்து, "ம்ஹூம்" என்று விட்டார். யாரும் வேன் பக்கம் திரும்பவில்லை. தம்பிக்குக் கழுத்து வலித்தது, அப்படியும் திரும்பவில்லை.

வேன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

சரளைக்கல்லில் செருப்பு சரக் சரக்கென்று வந்தது. நாலாவது மூலைக்கு வந்து நின்றது. "யாருடா இப்படி நிறுத்தினது?" என்றது குரல். "உயரமான ஆளை எல்லாம் ஒரே பக்கம் போட்டா படகு சாயாதா? லாண்டரி ஐயா, நீங்க இந்தப் பக்கம் வாங்க. நீ அங்க போடா. டீச்சர், முன்னால நடங்க, கல்லு இருந்தா சொல்லுங்க. எல்லாரும் நான் சொல்லும்போது. ம்ம்... தூக்கு!"

தூக்கினார்கள். தோளுக்கு ஏறியது. டிப்போ வாசலில் ஆயிரம் பேரை நிறுத்திய குரல் அது. நாலு பேருக்குக் கொஞ்சம் அதிகம்தான். அண்ணி முகத்தைப் படகுப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு நடந்தாள். தோளில் பாரம், துடைக்கக் கை இல்லை. கண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

டீச்சருக்கு ஒரு கைதான், கூட ஓர் ஆள் ஏற வேண்டும். அண்ணன் மறுக்க வாயெடுப்பதற்குள் அந்தப் பெரிய மிதவைச் சட்டையைத் தம்பி அவன் தலைவழியாக மாட்டிவிட்டான். கச்சிதமாக உட்கார்ந்தது. டீச்சர் நல்ல கையால் சுக்கானைப் பிடித்தார். காற்று பாயை நிரப்பியது. தக்காளி காய்த்த படகு, நேற்றுவரை மண்ணைச் சுமந்த படகு, என்ன அழகாகப் போயிற்று தெரியுமா! கரையில் நின்ற மூன்று பேரும் கண்ணெடுக்காமல் பார்த்தார்கள்.

அக்கரைப் பக்கம் போனதும் திரும்ப வேண்டும். டீச்சர் சட்டப்படி கத்தினார்.

"தலை!"

"சொல்லுங்க டீச்சர், என்ன விஷயம்?" என்று அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்து திரும்பினான்.

டொம்.

அந்தச் சத்தம் கரை வரைக்கும் கேட்டது. லாண்டரிக்காரர் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நம்ம சட்டத்தைத் தலைவருக்கு யாருமே சொல்லலியேப்பா!" டீச்சர் பதறிப்போய் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். படகில் இருந்து வந்த பதிலுக்கு வார்த்தை இல்லை. அண்ணன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான், அந்தப் பழைய சிரிப்பு, மேஜை அதிரச் சிரிக்கிற சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று தம்பிக்கு நினைவில்லை.

கரைக்கு வந்ததும் அண்ணி துண்டை நனைக்கப் போனாள். அண்ணன் வேன் படியில் உட்கார்ந்தான், நெற்றியில் நெல்லிக்காய் அளவுக்குப் புடைப்பு. தம்பியைக் கிட்டே கூப்பிட்டான்.

"சக்கரத்தை வீட்டுல மறந்துட்டியாக்கும்?"

"ஆமாண்ணே."

"அப்ப இத்தனை வாரமா என் முதுகுக்குப் பின்னால கடகட கடகடன்னு ஆடிக்கிட்டு வந்தது என்ன, உங்க அண்ணியோட தையல் மிஷினா?"

தம்பி வேனின் பின்கதவைப் பார்த்தான்.

"தெரிஞ்சுதான் இறங்கினீங்களா?"

"எனக்காக ஒருத்தி ஊரைக் கூட்டுறா. அவளுக்காக ஒருத்தன் பொய் சொல்றான். நான் அதுக்கப்புறமும் பேப்பரையே பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா மனுஷனாடா?" குரலைத் தாழ்த்தினான். "அவகிட்ட சொல்லிடாத. அவதான் என்னை இறக்கினதா இருக்கட்டும்."

அண்ணி ஈரத் துண்டோடு வந்தாள். "அண்ணனும் தம்பியும் என்ன குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்லம்மா" என்றான் அண்ணன், போனை எடுத்து எண்களைத் தள்ளிக்கொண்டே. "அடுத்த வாரம் நம்ம படகு. நம்ம படகை நாமளே தூக்கக் கூடாது இல்ல? டிப்போவுல நாலு பேருக்குச் சொல்லி வைக்கிறேன். வருவானுங்களா மாட்டானுங்களான்னு தெரியாது. கேட்டுப் பார்க்கிறேன்."

துண்டை அவன் நெற்றியில் வைத்து அழுத்தினாள் அண்ணி, தேவைக்கு அதிகமாகவே. "ஆ!" என்றான்.

வீட்டுக்குக் கிளம்பினார்கள். அண்ணன் ஓட்ட, முதல் வளைவில் வேன் திரும்பியதும் பின்னால் சக்கரம் கடகடவென்று ஆடியது. மூன்று பேருக்கும் நன்றாகவே கேட்டது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.